சுமைதாங்கிமேல் வைத்த புத்தகம்

1

ஈப்போவில் மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிற்பகல் மூன்று மணி ஆனால் சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னாலிருந்து கிளம்பி வந்து, ரயில்வே குவார்ட்டர்ஸின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும். விழுப்புரத்து வெயிலில் காய்ந்த மண்டை என்னுடையது. பதினைந்து வருஷமாகியும் இந்த ஈரம் எனக்குப் பிடிபடவில்லை. துவைத்த வேட்டி காய்வதில்லை. நினைத்த நினைப்பும் காய்வதில்லை.

அப்படி ஒரு மழையில்தான் என் மகள் வசந்தா புத்தகத்தோடு வந்து நின்றாள். பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி.

“அப்பா, நம்ம ஃபேமிலியில யாராச்சும் ஏழைங்களுக்கு ஏதாச்சும் செஞ்சிருக்காங்களா? சின்னதா இருந்தாலும் போதும். மிஸ் ஒரு பக்கம் எழுதிக்கினு வரச் சொன்னாங்க.”

அவர்கள் வகுப்பில் ஒரு கதை நடத்தியிருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், பணக்காரச் சிறுமி ஒருத்தி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கரி அள்ளுகிற பிள்ளைக்குக் கொடுக்கிறாள். பனி என்றால் ஐஸ் கடையில் மட்டுமே பார்த்திருக்கிற நாற்பது பிள்ளைகள் அந்தக் கதைக்கு அழுதார்களாம். இவளும் அழுதாளாம்.

நான் சொன்னேன்: விழுப்புரத்தில் படிக்கும்போது கெடாரிலிருந்து வந்த மாணிக்கம் என்று ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனுக்குப் புத்தகம் வாங்க வழியில்லை. ஒரு வருஷம் முழுக்க என் புத்தகங்களை நான் அவனுக்குக் கொடுத்தேன். அவன் பார்த்து எழுதிக்கொண்டு மறுநாள் காலையில் திருப்பிவிடுவான்.

“நெஜமாவா? ஃப்ரெண்டா உங்களுக்கு?”

“ம்” என்றேன்.

அதுவரை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த ‘ம்’ ஒன்றுதான் பொய்.

அவள் எழுதினாள். பத்து நாள் கழித்து நனைந்துகொண்டே ஓடிவந்து, பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் வாசிக்க அந்த ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பெற்றோரும் வரவேண்டும் என்றாள். தாளை எனக்குக் காட்டினாள். நல்ல ஆங்கிலம். ஐந்தாறு இடத்தில் ‘என் அப்பா’ என்று இருந்தது. என் மனைவி பாக்கியம் திண்டிவனத்துக்காரி. விஷயத்தைக் கேட்டதும் நாலு குவார்ட்டர்ஸுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அது எனக்குரியதில்லை.

2

எங்கள் தமிழ்ப் பாடப் புத்தகத்திலும் ஒன்பதாவது பாடம் இரக்கத்தைப் பற்றியதுதான். பஞ்ச காலத்தில் ஒரு தானிய வியாபாரி தன் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறான். ஊரெல்லாம் உண்டபிறகு கடைசி ஆளாக வரிசையில் நின்று, மிஞ்சிய கஞ்சியை வாங்கிக் குடிக்கிறான். எங்கள் தமிழ் ஐயா அதை நடத்தும்போது குரல் கம்மிவிடும். மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொள்வார். ஒற்றிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் பார்ப்பார். அங்கே தனியாக ஒரு குட்டைப் பெஞ்சு. அதில் மாணிக்கம். வகுப்பில் சேரியிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான்.

“ஏண்டா மாணிக்கம், வியாபாரி யாருக்குடா கதவைத் தெறந்தான்?”

“பசிச்சவங்களுக்குங்க ஐயா.”

“எல்லாருக்குமா?”

“பொஸ்தகத்துல அப்படித்தாங்க போட்டிருக்கு.”

வகுப்பு சிரித்தது. “வாய் நீளுது பாரு” என்று ஐயாவும் சிரித்தார். அடிக்கவில்லை. “அடிச்சா பெரம்பு தீட்டாயிடும்டா” என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மாணிக்கத்தின் நோட்டை ஐயா கையில் வாங்கமாட்டார். தரையில் விரித்து வைக்கச் சொல்லி, பிரம்பின் நுனியால் பக்கம் புரட்டித் திருத்துவார். அதே பிரம்புதான். காகிதத்துக்கு ஒரு நியாயம், முதுகுக்கு ஒரு நியாயம்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் அவனை ‘டா’ போட்டேன். அவன் என்னைச் ‘சின்னவரே’ என்றான். கோலியனூரில் எங்களுக்கு நிலம் இருந்தது. அவனுக்கு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், அத்தை வீட்டுக் குடிசையில் படுக்க ஒரு மூலை இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் நடந்துபோகையில் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தான்.

“சின்னவரே, பொஸ்தகத்த ராவுக்கு மட்டும் குடுத்தீங்கன்னா பாத்து எழுதிக்கினு காத்தால குடுத்துடுவேன். அழுக்குப் பண்ணமாட்டேன்.”

“எதுல எழுதுவே?”

“மாமா கூட்ஸ் ஷெட்டுல மூட்டை தூக்குறாரு. ஒரு பக்கம் அச்சடிச்ச தாளுங்க வீணாப்போவுமாம். கொண்டாந்து குடுப்பாரு.”

கணக்குப் பாடத்தில் இவன் கெட்டிக்காரன், எனக்குப் போட்டுக் கொடுப்பான் என்று ஒரு எண்ணம் ஓடியது. சரி என்றேன். இரக்கமா அது? இப்போது யோசித்தால் பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

கோலியனூர் ரோட்டில் ஒரு சுமைதாங்கி இருந்தது. தலைச்சுமைக்காரர்கள் யார் துணையுமில்லாமல் பாரத்தை இறக்கிவைக்க, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல் போட்டிருப்பார்களே, அது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன யாரோ ஒரு பெண்ணின் பெயரால் வைத்தது. சாயங்காலம் அதன்மேல் புத்தகத்தை வைத்துவிட்டு நான் விலகுவேன். அவன் வந்து எடுத்துக்கொள்வான். காலையில் அவன் வைத்துவிட்டு விலகுவான். நான் எடுத்துக்கொள்வேன். இப்படி ஒரு வருஷம். ஒரு முறைகூட அந்தப் புத்தகம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதில்லை. அப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மூச்சு விட யாராவது சொல்லித் தருகிறார்களா?

3

இங்கே காட்டுக்குள் கலகக்காரர்களோடு சர்க்காரின் சண்டை தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் அடையாள அட்டை. போன மாதம் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு சீனக் கிழவர், பின்னால் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா என் கட்டைவிரலை, ஏதோ சாமானை எடுப்பதுபோல் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் அழுத்தினார். பிறந்த ஊர் என்றார். விழுப்புரம் என்றேன். இரண்டு முறை எழுதப் பார்த்துவிட்டு ‘மெட்ராஸ்’ என்று போட்டார். வேறு பெயரால் அழைக்கப்படுவதுண்டா என்று ஒரு கட்டம். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்தபிறகுதான் ‘சின்னவரே’ என்ற குரல் முதுகில் தட்டியது.

4

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“டேய், பொஸ்தகம் எங்கெங்க போய்க்கினு வருதுடா?”

“பொஸ்தகத்துக்கு ஏதும்மா தீட்டு?”

“சரஸ்வதி ஒக்கார்ற எடம்டா அது. அதுக்குத்தான் மொதல்ல தீட்டு.”

சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைப் புத்தகப் பைமேல் அப்படியே கவிழ்த்தாள். தெளித்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும். வைக்கோல்மேல் போட்டுக் காயவைத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஒன்பதாம் பாடத்தில் பாதி இரக்கம் இந்தப் பக்கமும் மீதி எதிர்ப் பக்கமுமாகப் பிய்ந்து வந்தது. தமிழ் மட்டுமில்லை. சரித்திரம், பூகோளம் எல்லாம் அன்று அந்தப் பையில்தான் இருந்தன.

மாணிக்கத்திடம் கேட்டேன். வருஷம் முழுக்க அவன் எழுதிய தாள்கள் எல்லாம் ஒரே கட்டாக, சணல் நூலால் தைத்து வைத்திருந்தான். எல்லாப் பாடமும் அந்த ஒரு கட்டில்தான். நான் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது பாருங்கள், அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

“எடுத்துக்குங்க சின்னவரே! ரெண்டு நாளைக்கு அத்தையோட மல்லாட்டை புடுங்கப் போறேன், எனக்கு வாணாம். என் எழுத்து புரியுமா ஒங்களுக்கு?”

என் எழுத்தைவிட அழகாக இருந்தது அவன் எழுத்து.

வீட்டில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். மறுநாள் மூட்டையை வண்டியேற்றும்போது கட்டு அப்பாவின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“யாரு எழுதினது?”

நான் குனிந்து அடுத்த மூட்டையின் வாயைக் கட்டினேன்.

“கெடாரு பையனா? ஒன் பொஸ்தகம் அங்க போனது பத்தாதுன்னு, அவன் நோட்டு இங்க வருதா?”

ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே போய், நெல் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் சேர்த்துவிட்டார். அதே வாரத்தில்தான், பாம்பு கடித்துச் செத்த பண்ணையாளின் வீட்டுக்கு ஒரு மூட்டை கேப்பை அனுப்பினார், வாசலுக்கு வெளியே இறக்கி வைக்கச் சொல்லி. கொடுக்கிற கை அவருக்கு இருந்தது. தொடுகிற கை இல்லை.

அதுவரை நடந்தது பெரியவர்கள் செய்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்கப்புறம் நடந்தது முழுக்க என்னுடையது.

மூன்றாம் நாள் சுமைதாங்கி அருகில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் மல்லாட்டைச் செடியின் மண்.

“சின்னவரே, கட்டு...?”

“காத்தாலயே கல்லு மேல வச்சிட்டுப் போனேனே. நீ எடுக்கல?”

“இல்லீங்களே.”

“அப்ப மாடு கீடு இழுத்துக்கினு போயிருக்கும்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கையில் கொடுத்துக் கையில் வாங்குகிற வழக்கம் எங்களுக்குள் இருந்திருந்தால் இந்தப் பொய்க்கு நிற்க இடமே கிடைத்திருக்காது. அவனுக்கும் எனக்கும் நடுவில் ஊர் போட்டு வைத்திருந்த அந்தக் கல்லுக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன்.

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆடு மேய்க்கிறவர்களை, புல்லுக்கட்டுக்காரிகளை எல்லாம் விசாரித்தான். மூன்று நாள் வேலிவேலியாகத் தேடினான். நாலாம் நாள் வந்து, “என் தப்புதாங்க. நான் வெள்ளன வந்திருக்கணும்” என்றான்.

எனக்கு அப்பா திண்டிவனத்திலிருந்து வேறு புத்தகங்கள் தருவித்துவிட்டார். மாணிக்கத்துக்கோ சர்க்கார் கொடுக்கிற பள்ளிச் சம்பளச் சலுகையில்தான் படிப்பு. ஒரு வருஷம் தவறினால் அது போய்விடும். இது எனக்குத் தெரியும். புதுப் புத்தகத்தைச் சுமைதாங்கிமேல் வைத்திருக்கலாம். வைத்தால் பழைய கட்டைப் பற்றிப் பேச்சு வரும். அந்தப் பயத்தில் வேறு வழியாக வீட்டுக்குப் போனேன். பரீட்சை வரை வேறு வழியாகவே போனேன்.

தமிழ்த் தாளில் ஒன்பதாம் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அதற்கு வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவன் மாணிக்கம். எழுதி எழுதி அது அவனுக்கு மனப்பாடம். சரித்திரத்திலும் பூகோளத்திலும் அவன் தவறிவிட்டான். கதவோரத்துக் குட்டைப் பெஞ்சு அடுத்த வருஷம் காலியாகக் கிடந்தது. பிறகு அதில் தண்ணீர்ப் பானையை வைத்தார்கள்.

5

மலாயாவுக்குப் புறப்பட்ட அன்று விழுப்புரம் ஜங்ஷனில் அவனைக் கடைசியாகப் பார்த்தேன். பாக்கியம் புது மணப்பெண், என் பக்கத்தில் நின்றிருந்தாள். நாகப்பட்டினம் வண்டியில் எங்கள் தகரப் பெட்டியை ஏற்ற ஒரு போர்ட்டர் வந்தான். தலைப்பாகைக்குக் கீழே மாணிக்கத்தின் முகம்.

“சின்னவரே! கப்பலுக்கா?”

“ஆமாம். நீ எப்படிடா இருக்கே?”

“இருக்கேங்க. மாமா எடத்துல நான்.”

பெட்டியை ஏற்றினான். காசு நீட்டினேன். அப்போதும் ஜன்னல் கட்டையில்தான் வைத்தேன். எடுத்து மடியில் முடிந்துகொண்டு, போகாமல் நின்றான்.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அந்தக் கட்டு... அப்புறம் யாரு கையிலயாவது ஆப்புட்டுச்சாங்க?”

வருஷம் நாலாகியிருந்தது. வண்டி ஊதிவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷம் தாராளமாகப் போதும். ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டியதில்லை.

“இல்லடா” என்றேன்.

“போவட்டும் விடுங்க. பாத்துப் போய்ட்டு வாங்க.”

விழுப்புரம் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அவன் அங்கே எங்காவது இருந்தால், அந்தத் தாள்கட்டை எந்த மாடும் இழுத்துப் போகவில்லை, அதை நான் கல்லின்மேல் வைக்கவே இல்லை என்று சொல்லுங்கள். நீங்கள் படித்துக்காட்ட வேண்டியதில்லை. அவனுக்குப் படிக்கத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

6

விழாவுக்கு முந்தின நாள், ஞாயிறு. சாப்பிட்டு முடித்ததும் வசந்தாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவளுக்குப் புரியவேண்டுமே என்று பாதி ஆங்கிலத்தில் சொன்னேன். சுமைதாங்கி என்பதற்கு என்னிடம் ஆங்கிலச் சொல் இல்லை. தீட்டு என்பதற்கும் இல்லை. விளக்க விளக்க, நானே ஒரு காட்டுவாசிக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறமாதிரி இருந்தது.

முதலில் சமையற்கட்டிலிருந்து பாக்கியம்தான் பேசினாள்.

“எதுக்குங்க அதையெல்லாம் இப்பக் கெளறிக்கினு? ஸ்டேஷன்ல நம்ம பொட்டி தூக்கினானே, அவனா? நல்லாத்தான சிரிச்சிக்கினு நின்னான்? ஊர்ல எல்லாருந்தான் கல்லு மேல வச்சாங்க. நீங்க மட்டுமா? நாளைக்குப் பொண்ணு மேடை ஏறப்போவுது, அத்தப் போய்ப் பேஜார் பண்ணிக்கினு!”

“கொஞ்சம் சும்மா இரு பாக்கியம்.”

வசந்தா தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த எக்ஸாம்ல உங்களுக்கு எவ்ளோப்பா மார்க்?”

“எல்லாத்துலயும் பாஸ்.”

“மலாயாவுக்கு வந்த பெறகு அவருக்கு லெட்டர் போட்டீங்களா?”

“இல்ல.”

“அட்ரஸ் இல்லையா?”

“விழுப்புரம் ஸ்டேஷன் போர்ட்டர் மாணிக்கம்னு போட்டாப் போய்ச் சேந்துடும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அட்ரஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் எழுந்துகொண்டாள்.

“பாப்பா, மிஸ்ஸுகிட்ட சொல்லி வேணும்னா நாளைக்கு வாசிக்காம...”

“புரோகிராம்ல பேர் அச்சடிச்சாச்சுப்பா” என்றாள். கோபமில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து வழி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற குரல். உள்ளே போய் வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். கரிப்பெட்டியின் மூடி திறந்து திறந்து மூடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

7

மண்டபம் நிறைந்திருந்தது. சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள், முன்வரிசையில் நாலைந்து வெள்ளைக்காரத் துரைகள். எங்களுக்கு மூன்றாம் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பாக்கியம் மயில்கழுத்து நிறப் பட்டு உடுத்தி வந்திருந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது என்பதால் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வசந்தா மேடைக்கு வந்தாள். தாள் கையில் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து வாசிக்கவில்லை. விழுப்புரம் என்ற பெயரைப் பிசகில்லாமல் சொன்னாள். கெடார் என்றாள். மாணிக்கத்தின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஒரு பக்கம் அச்சடித்த தாள்களின் மறுபக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க எழுதியவன் என்றாள். அது அவள் முதலில் எழுதியதில் இல்லை. முழுவதையும் சொல்லப்போகிறாளா? சொல்லிவிடட்டும் என்று ஒரு மனம். வேண்டாம் தாயே என்று ஒரு மனம்.

புத்தகம் கொடுத்தவர் வருகிற இடம் வந்தது. தாளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ‘என் அப்பா’ என்று இருந்தது. வசந்தா ஒரு கணமும் தயங்கவில்லை. “அந்த ஊர்க்காரர் ஒருவர்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போனாள். அடுத்த இடத்திலும் அதேதான். ஐந்தாறு இடத்திலும் அதேதான். கட்டு எரிந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு துரைசானி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

பாக்கியம் என் தோளை இடித்தாள்.

“உங்களப் பத்திச் சொன்னாளாங்க? வந்துச்சா?”

“வந்துச்சு” என்றேன்.